யாருடைய கையொப்பம்?

18 வயது நிறையாத ஒருவர் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்க வேண்டுமானால், பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும். அந்தப் படிவத்தின் சாரம் ஒளிவுமறைவில்லாதது. இதில் காயம் படலாம், உயிரும் போகலாம், அறிந்தே அனுப்புகிறேன் என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறது. என் மகளுக்கு வயது 16. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வரும் மாலத்தீவின் ஃபுவாமுலா என்ற சிறு தீவுக்கு நான்கு நாள் போய்ப் புலிச்சுறாக்களைப் பார்த்துவர வேண்டும் என்கிறாள். செலவு, விடுப்பு, பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒரு வழி உண்டு. எனக்கு வழி தெரியாமல் இருப்பது அந்தக் கையொப்பத்தில்தான். ஒருத்தியின் உடலுக்கு நேரக்கூடியதற்கு இன்னொருத்தி எப்படிச் சம்மதம் தர முடியும்? அதிலும் எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஊர்க் கிணற்றில் என் தம்பிகளை முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டார்கள். நாங்கள் கிணற்றுமேட்டில் அவர்களுடைய சட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

16 வயதுக்கு ஆபத்தை எடைபோடத் தெரியாது, அதனால் பெரியவர் முடிவெடுக்கட்டும் என்கிறது சட்டம். ஆனால் இதே பெண் டியூஷன் முடித்து இரவு எட்டரைக்கு நகரப் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறாள். எந்த இருக்கைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, எந்த நிறுத்தத்தில் இறங்கினால் விளக்கு எரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பயணத்துக்கு யாரும் என்னிடம் படிவம் நீட்டியதில்லை. நாள்தோறும் நடப்பதை ஆபத்து என்று எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு இல்லை.

கணக்கைச் சொல்லித் தேறுதல் தருகிறவர்கள் உண்டு. உலகம் முழுவதிலும் சுறா தாக்கி இறப்பவர்கள் சராசரியாக ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதர்கள் கொல்லும் சுறாக்கள் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உண்மைதான். ஆனாலும் 2003 அக்டோபரில் ஹவாயில் அலைச்சறுக்குப் பலகைமேல் படுத்திருந்த பெத்தனி ஹாமில்டனின் இடக்கையைக் கடித்தெடுத்தது ஒரு புலிச்சுறாதான். அவளுக்கு அப்போது 13 வயது. ஒரு மாதம் முடிவதற்குள் அவள் மறுபடி கடலில் இறங்கினாள். இந்தக் கதையை எல்லோரும் அவளுடைய துணிச்சலின் கதையாகவே சொல்கிறார்கள். என் மனம் வேறெங்கோ போகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் அவள் வீட்டில் யாரோ “சரி, போ” என்று சொல்லியிருக்க வேண்டுமே! அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தார்கள்?

நம்மிடம் அந்தச் சொல் இல்லாமல் இல்லை, ஆண்களுக்கு வைத்திருக்கிறோம். குறுந்தொகையின் 269ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இது என்னை உறுத்தும். சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை திரும்பக் கடலுக்குப் போய்விட்டான். தாய் உப்பை மாற்றி நெல் கொண்டுவர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டில் காவல் இல்லை, இந்த நேரத்தில் அவன் வந்தால் நல்லது, இதைப் போய்ச் சொல்வார் யார் என்று கேட்கிறது பாட்டு. தந்தை மறுபடி சுறாவின் கடலுக்குள் போனது அதில் போகிற போக்கில் சொல்லப்படும் செய்தி. ஏன் போனான், யார் விட்டார்கள் என்ற கேள்வியே எழவில்லை. மகளுக்குக் கிடைத்த காவலற்ற கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஒரு முழுப் பாட்டு தேவைப்படுகிறது.

உறவினர்களின் கேள்விகள் வேறு மாதிரி. “அந்த மூணு நாள் அங்க வந்துட்டா? ரத்த வாடைக்குச் சுறா வருமாமே?” என்றார் என் நாத்தனார். மாதவிடாயில் இருக்கும் பெண்களைச் சுறாக்கள் கூடுதலாகத் தாக்கியதற்குச் சான்று எதுவும் இல்லை. முக்குளிப்போர் நிரப்பும் உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, இதயம், காது என்று பலதும் கேட்கிறார்கள். விலக்கா என்று கேட்பதில்லை. கோயில் வாசலிலும் அடுக்களையிலும் நின்ற விலக்கு கடலுக்குள்ளும் நம் கூடவே இறங்கப் பார்க்கிறது. 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் சுறாவுக்கு முதல் இரை இரவில் தனியாக நீந்தப் போன ஓர் இளம்பெண். அதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. (அதே நாத்தனார்தான் என் பிரசவத்துக்குப் பின் பால் ஊற வேண்டுமென்று பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்து போட்டவர். சுறாவோடு என் மகளுக்கு உள்ள பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.)

பெண்ணுக்குத் துணிச்சல் வேண்டும், அனுப்பு என்று சில தோழிகள் சொல்கிறார்கள். அதையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. பணம் கட்டி வாங்கும் பயம் அது. மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்குமேல் ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காற்று உருளை இல்லாமல் மூச்சடக்கி மூழ்குகிறார்கள். அவர்களுடைய முக்குளிப்பை யாரும் ஆளுமை வளர்ச்சி என்று சொல்வதில்லை. அது தேசியப் பூங்கா எல்லைக்குள் வந்துவிட்டதால் அத்துமீறல் என்ற பேர்தான் கிடைத்தது. சுறாப் பெண்மணி என்று பேரெடுத்த அமெரிக்க ஆய்வாளர் யூஜெனி கிளார்க்கும் துணிச்சல் பயிற்சிக்குப் போனவர் அல்லர். தந்தை இல்லாத பிள்ளை. வேலைக்குப் போகும் தாய் சனிக்கிழமைகளில் அவரை நியூயார்க்கின் மீன் காட்சியகத்தில் விட்டுவிட்டுப் போவார். கண்ணாடிக்கு இப்பால் மணிக்கணக்காக நின்று பார்த்த சிறுமி பின்னாளில் சுறாக்கள் கற்றுக்கொள்ளக்கூடியவை என்று காட்டினார். அந்தச் சனிக்கிழமைகளையும் எங்கள் நான்கு நாள்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டது இதுதான்: “நீ சம்மதிக்கணும், நானும் சம்மதிக்கணும், சரிம்மா. அதுங்ககிட்ட யாரு கேட்டா?”

ஃபுவாமுலா துறைமுகத்தில் மீனவர்கள் சூரை மீனை வெட்டிக் கழிவைக் கடலில் போட, அதைத் தேடிப் புலிச்சுறாக்கள் வந்து பழகின. பிறகு முக்குளிப்புக்காரர்கள் சூரைத் தலைகளை நீருக்கடியில் கல்லிடுக்கில் வைத்து அவற்றை வரவழைக்கத் தொடங்கினார்கள். வருபவற்றில் பெரும்பாலானவை பெண் சுறாக்கள், அவற்றில் பலவும் சூல்கொண்டவை. புலிச்சுறா ஓராண்டுக்கும் மேல் சூல் சுமக்கும். சினைச்சுறாவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்த வழிபாட்டுக்கும் ஒரு சுறா சாக வேண்டியிருந்தது. இங்கே சாவில்லை. மாலத்தீவு 2010இல் சுறா பிடிப்பதை முற்றிலும் தடை செய்துவிட்டது. உயிரோடு உள்ள சுறாவைப் பார்க்க வருபவர்களின் பணம் அந்தத் தடை நிலைக்க ஒரு காரணம். சம்பாதிப்பதால் காப்பாற்றுகிறோம் என்ற இந்த நியாயம் எனக்குப் புதிதல்ல. வேலைக்குப் போகும் மருமகளுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இப்படிப்பட்டதுதான். சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் அதன் அடியில் எப்போதும் கிடக்கும். ஆனாலும் மரியாதையே இல்லாததைவிட அது மேல் என்று வாழ்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சுறாவுக்கும் அப்படித்தான் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

முக்குளிப்போரிடம் ஒரு வழக்கம் இருப்பதை அவளுடைய பயிற்சி நூலைப் புரட்டியபோது அறிந்தேன். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், முக்குளிப்பை முடித்துக்கொள்ளலாம். கட்டைவிரலை மேலே உயர்த்தினால் போதும். தரையில் சபாஷ் என்று பொருள்படும் அந்தச் சைகைக்கு நீருக்கடியில் மேலே போகலாம் என்று பொருள். காட்டியவரிடம் காரணம் கேட்கக் கூடாது, கூட வந்தவரும் ஏற வேண்டும். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். ஒரு முறை சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று கருதும் இடங்களில்தான் நான் வளர்ந்தேன். திருமணம் அப்படி, பணி இடமாற்றம் அப்படி, அன்பும்கூட அப்படி. அவளுக்கு நான் போடக்கூடிய கையொப்பம் இந்தக் கட்டைவிரலை நம்பிப் போடுவதாகத்தான் இருக்க முடியும். சூரைத் தலையை வைத்து அழைக்கும் இடத்துக்குப் போவதா என்பதை, முதல்நாள் இரையில்லாத இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு அவளே முடிவெடுப்பதாகப் பேசியிருக்கிறோம். நான் படகில் இருப்பேன்.

அடுத்தடுத்த நாள்களில் முக்குளித்தவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆக, நான்கு நாளில் கடைசி நாள் கடலுக்கு இல்லை. அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். துறைமுகத்தில் போய் உட்கார்ந்து, சூரையை எப்படி வெட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.