சிக்கனமும் உடைமையும்

பொருள் தேடுவதை இழிவெனக் கருதும் மரபு தமிழருடையதன்று. பொருள் செயல்வகைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய திருவள்ளுவர், அது வந்த வழியின் தூய்மையையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தார். அத்தகைய மரபில் வந்த ஒரு சமூகம், மலாயாவின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஏன் உடைமையற்று நின்றது என்னும் வினா மேடைகளில் எழும்போதெல்லாம், விடை மிக எளிதாக வந்துவிடுகிறது. குடித்தார்கள், திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கடன்பட்டார்கள், கையில் வந்ததை நகையாக்கிக் கழுத்தில் போட்டார்கள். சிக்கனம் இன்மையால் செல்வமும் இல்லையாயிற்று என்பது அவ்விடையின் சாரம். மாணவரும் தம் கட்டுரைகளில் இதனையே எழுதி நல்ல மதிப்பெண் பெறுகின்றனர்.

இவ்விடையில் ஓரளவு உண்மை உண்டு. தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் அங்கே கூட்டம் கூடியது. அக்கடை தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே, நிருவாகத்தின் இசைவோடு நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வோர்தாம் குறைவு.

ஊதியம் வேறு, உடைமை வேறு. ஊதியம் வந்து வயிற்றுக்குப் போவது. உடைமை தந்தைக்குப் பின் மகனிடம் நிற்பது. நகரத்தில் சிறு கடை வைத்திருந்தவனுக்கும் பால்மரம் வெட்டியவனுக்கும் ஒரு காலத்தில் வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லாதிருந்திருக்கலாம். ஆயினும் கடைக்காரன் இறந்தால் கடையும் சரக்கும் எஞ்சின. மகன் அங்கிருந்து தொடங்கினான். பால்மரத் தொழிலாளி வாழ்ந்த லயத்து வீடு தோட்டத்தாருடையது. அவன் மாட்டுக்கொட்டகை போட்டதும், காய்கறி பயிரிட்டதும், கோயில் எழுப்பியதும், பிள்ளைகள் படித்த பள்ளி நின்றதும் தோட்டத்து நிலத்திலேயே. நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டின் ஒரு பலகையைக்கூட அவன் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. அவனுக்குப் பின் மகனுக்கு எஞ்சியது, விடியற்காலைப் பெரட்டில் அழைக்கப்படும் ஒரு பெயர்.

ஊழியர் சேம நிதி 1951ஆம் ஆண்டில் தோன்றியது பெரிய நன்மை; ஐயமில்லை. எனினும் 55 வயதில் அத்தொகை கைக்கு வந்த நாளே, பலருக்கு வேலையோடு வீட்டையும் விட்டு வெளியேறும் நாளாகவும் அமைந்தது. ஓர் ஆயுளின் சேமிப்பு கூரை தேடுவதிலேயே கரைந்தது. பேரனின் படிப்புக்கு எதை வைப்பது?

1970ஆம் ஆண்டில் நாட்டின் நிறுவனப் பங்குடைமையில் இந்தியரின் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. மலாய்க்காரருடையது ஏறத்தாழ 2.4 விழுக்காடு. அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டது அந்நியர் கையில் இருந்தது. இனத்தோடு இனத்தை ஒப்பிட்டு ஒருவரையொருவர் சோம்பேறி என்று ஏசுவோர் இக்கடைசி எண்ணை மறந்துவிடுகின்றனர்.

சிக்கனம் இல்லாத கூட்டம் என்னும் பழி எத்துணை மேலோட்டமானது என்பதை 1960ஆம் ஆண்டு காட்டியது. 1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி அந்நிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கலாயினர், வாங்கியோர் துண்டாடினர், தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோறும் சென்றார். நூறு வெள்ளிப் பங்கு; பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். பத்து வெள்ளி என்பது அன்று பல நாள் கூலி. அதே லயத்து மக்கள், அதே கள்ளுக்கடையைக் கடந்து சென்றவர்கள், கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிற தோட்டங்கள் தொடர்ந்தன. புதிதாக அவர்களுக்குக் கிடைத்தது, போட்ட காசு நிலமாக நிற்கும் என்னும் நம்பிக்கை ஒன்றே. பங்குதாரர் ஆனவர் மறுநாளும் அதே மரத்தைத்தான் வெட்டினார் என்பதும் மெய்யே. கூட்டுறவு அவரை முதலாளியாக்கிவிடவில்லை. ஆனால் காலடி நிலம் தம்மைக் கேளாமல் விற்கப்படாது என்னும் துணிவு சிறிதன்று.

அந்நம்பிக்கையைக் கையில் வாங்குவோருக்கும் ஓர் அறம் உண்டு. 1980களில் சமூகத்தின் பெயரால் பெருந்தொகை திரட்டப்பட்ட ஒரு முதலீட்டில், நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தாய்மார் இருந்தனர். எதிர்பார்த்த பயன் வரவில்லை. பல்லாண்டு காத்தபின் போட்டதற்கும் குறைவாகப் பெற்றவர் பலர். ஏழையின் பணத்தை இழப்பது பணத்தை மட்டும் இழப்பதன்று. அடுத்த முறை கேட்கும்போது அவன் தருவதற்கிருந்த மனத்தையும் அது கொண்டுபோய்விடுகிறது.

அத்தாய்மார் அடகு வைத்த வளையலைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். லயத்தைக் காலி செய்யச் சொன்னால் முந்தானையில் முடிந்து எடுத்துச் செல்லக்கூடியது அது. நிலப்பட்டா கேளாமல், ஈட்டுக்கு ஆள் கேளாமல், எந்த ஊர் அடகுக்கடையும் அதற்குக் காசு தரும். நிலம் வாங்க வழியில்லாத ஒருத்திக்கு அதைவிடப் பாதுகாப்பான சேமிப்பு எது இருந்தது? பங்குப் பத்திரத்தில் கையைச் சுட்டுக்கொண்டபின் அவள் தன் மகளிடம், கிடைப்பதைத் தங்கமாகவே வாங்கி வை என்றிருப்பாளாயின், அவளைச் சிக்கனம் அறியாதவள் என எழுதும் மாணவனின் தாளில் ஆசிரியர் எத்தனை மதிப்பெண் இடுவது?