விலை கூடின ரீலும் வீட்டுக் கணக்கும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கெலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில் கம்போங் பெண்டாஸ் படகுத்துறை. செகண்ட் லிங்க் பாலத்தில் விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரம். நம் இளைஞர் குழுவில் இருக்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைத்தொலைபேசியை நீட்டினான்.

"அண்ணே, இந்த ரீலைப் பாருங்க. எழுநூறு வெள்ளி. என்கிட்ட இருக்கறது நூத்தம்பது வெள்ளி ரீலு. மாத்தலாமா? அந்தக் காசுக்கு இது தகுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. தூண்டில் போடுவதில் நான் அவனைவிடப் பத்து வருஷம் மூத்தவன். ரீலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னாலும் பேசுவேன். ஆனால் அவன் கேட்டதில் இரண்டு கேள்வி இருந்தது. அந்த ரீல் நல்லதா என்பது ஒன்று. அவன் அதை வாங்குவது நல்லதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்கு யார் சொல்வது?

வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன். மீன் பிடிக்கும் பழக்கம் இல்லாத நண்பர்கள் ரீல் என்று வரும் இடத்தில் காலணி, கைத்தொலைபேசி, மோட்டார் சைக்கிள் என்று எதை வேண்டுமானாலும் வைத்துப் படிக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

முதலில் ரீலுக்கு நியாயமாகப் பேசிவிடுவோம். விலை கூடின ரீல் நிஜமாகவே நல்ல ரீல்தான். உள்ளே மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, பல்சக்கரம். மலிவான ரீலில் அது பெரும்பாலும் அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை. பாரம் ஏற ஏறத் தேயும். விலை கூடினதில் அழுத்தி வடித்த அலுமினியமோ பித்தளையோ இருக்கும். இரண்டு, டிராக். மீன் இழுக்கும்போது கயிறு அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிரேக் அது. மலிவானதில் பெரும்பாலும் கம்பளி வட்டு, நல்லதில் கார்பன் வட்டு. கார்பன் சூட்டைத் தாங்கும், திணறாமல் விடும். மூன்று, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் காக்கும் அடைப்பு. நம்மைப் போலக் கடலோரத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

100 வெள்ளி ரீலிலிருந்து 300 வெள்ளி ரீலுக்கு ஏறினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். 700-க்கு ஏறினால் இன்னும் கொஞ்சம் தெரியும். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் போனால் எடையில் சில கிராம் குறையும், சுற்றும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்தச் சுகம் பொய் இல்லை. ஆனால் சியாக்காப் மீனுக்கு (தமிழ்நாட்டில் கொடுவா என்பார்கள்) அது தெரியாது. டப்பாவில் டிராக் 10 கிலோ என்று போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 9 கிலோ தாங்கும் கயிறு போட்டால், டிராக்கை அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 3 கிலோவுக்குள் வைப்பதுதான் வழக்கம். மிச்ச 7 கிலோ டப்பாவில் அச்சடித்த பெருமை மட்டுமே. அதே படகுத்துறையில் ஒரு மலாய்ப் பெரியவர் பிளாஸ்டிக் போத்தலில் கயிற்றைச் சுற்றி வைத்துக் கையாலேயே பிடிப்பார். பல நாள் எங்கள் எல்லாரையும்விட அவர் வாளிதான் கனமாக இருக்கும்.

"ஜப்பான் சாமான் அண்ணே" என்றான் தம்பி. அவன் காட்டிய ரீல் ஷிமானோ. 1921-இல் ஜப்பானில் ஒசாகா பக்கத்துச் சாக்காய் நகரத்தில் சைக்கிள் பாகம் செய்ய ஆரம்பித்த நிறுவனம். மீன்பிடிச் சாமான்களுக்கு 1970-இல்தான் வந்தது. அதன் தொழிற்சாலை ஒன்று நம் ஜொகூரிலேயே, பொந்தியானில் இருக்கிறது. பல ரீல்களின் அடியில் மலேசியாவில் செய்தது என்று எழுதியிருக்கும். உங்களுடையதைத் திருப்பிப் பாருங்கள். தூரத்து அதிசயம் என்று நாம் வாய்பிளக்கும் பொருளைப் பக்கத்து ஊரில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஓர் அக்கா பூட்டியிருக்கலாம். அவருடைய நேரம் அந்த ரீலுக்குள் இருக்கிறது. வாங்கினால் நம்முடைய நேரமும் அதற்குள் போய்விடும்.

எவ்வளவு நேரம்? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. அந்தக் கணக்குப்படி 150 வெள்ளி ரீல் 17 மணி நேரம். 700 வெள்ளி ரீல் 80 மணி நேரம், அதாவது 10 நாள் வேலை. 3,000 வெள்ளி ரீல் 344 மணி நேரம், 43 நாள். இதுகூடச் சரியான கணக்கு இல்லை. சம்பளம் முழுசாக யார் கையில் நிற்கிறது? வாடகை, பெட்ரோல், வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் போக மாதக் கடைசியில் 200 வெள்ளி மிஞ்சினால், 700 வெள்ளி ரீல் என்பது மூன்றரை மாதம். அந்த மூன்றரை மாதமும் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, மோட்டார் கெடக்கூடாது. தவணையில் வாங்கினால் வலி தெரியாது என்பார்கள். வலி தெரியாமல் போவதுதான் அதில் ஆபத்து.

நண்பர்களே, இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. சில வருஷத்துக்கு முன்னாடி நானும் வாங்கினேன், 680 வெள்ளிக்கு. என் காசு, நான் உழைத்தது, யாரிடமும் கடன் கேட்கவில்லை. அந்த மாதம் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்பா, இப்ப என்ன அவசரம்" என்றார் அம்மா. அடுத்த மாதம் மோட்டாருக்கு டயர் வந்தது. அதற்கடுத்த மாதம் தீபாவளி வந்தது. நாலு மாதம் அம்மா பழைய கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே நெத்திலிக்குத் தலை கிள்ளினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒருநாள் ஐந்தடியில் உட்கார்ந்து ரீலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்று பார்த்தார். "அழகா இருக்கே. என்ன விலைப்பா?"

"முந்நூறும்மா" என்றேன்.

பாதிக்கும் கீழே சொன்னேன். ஏன் சொன்னேன்? அம்மா திட்டுபவர் இல்லை. என் காசுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டிய வயசும் இல்லை. ஆனாலும் வாயில் அந்தப் பொய் தானாக வந்தது. கடையில் எனக்குக் கிடைக்காத பதில் அன்றைக்கு வீட்டில் கிடைத்தது. எதன் விலையை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லையோ, அது எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் நமக்குத் தகாது. இதைத்தான் மேல் எல்லை என்கிறேன். அந்த எல்லையைக் கடைக்காரர் போட முடியாது. வீடுதான் போடும்.

கீழ் எல்லையும் ஒன்று உண்டு. நம் குழுவில் அசைவம் தொடாத நண்பர் ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "உயிரை எடுக்கற கருவிக்கு என்னப்பா தகும், தகாது?" என்றார். திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் இருப்பது நமக்குத் தெரியாததில்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் முழுப் பதில் கிடையாது. நான் மீன் சாப்பிடுகிறவன். பசாரில் ஐஸ் மேல் கிடக்கும் மீனை வாங்கும்போது அது செத்த நேரம் என் கண்ணில் படுவதில்லை. தூண்டிலில் பிடித்தால் என் கையிலேயே துடிக்கிறது. அதனால் எனக்குப் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

அந்தப் பொறுப்பிலிருந்துதான் கீழ் எல்லை வருகிறது. டிராக் திணறும் ரீல், வெயிலில் மக்கிப்போன கயிறு, அவசரத்தில் போட்ட முடிச்சு. இதில் எது தவறினாலும் மீன் வாயில் முள்ளோடு, பின்னால் பத்து மீட்டர் கயிற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். நமக்கு அது ஒரு கதை. மீனுக்கு அது மெதுவான சாவு. அந்தக் கயிறு எங்கே போகிறது? நம் சுங்கை பூலாய் சதுப்புநிலக் காடு 2003-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய இடம். அதன் முகத்துவாரத்தில் கடற்குதிரைகள் வாழும் கடற்புல் படுகை இருக்கிறது. அங்கே சிக்கிய நைலான் கயிறு நம் பேரப்பிள்ளை காலத்திலும் மக்காமல் கிடக்கும். ஆகவே, மீனைத் தவிக்க விடாமல் கரைக்குக் கொண்டுவரும் அளவுக்காவது கருவி நன்றாக இருக்க வேண்டும். இந்த எல்லையை மீன் போடுகிறது. இதற்கு 700 வெள்ளி வேண்டாம். சுமாரான ரீல், வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கயிறு, ஒழுங்காகக் கட்டிய முடிச்சு போதும். ரீலுக்கு 700 கொடுத்துவிட்டு மூன்று வருஷப் பழைய கயிற்றைச் சுற்றிக்கொண்டு திரிகிறவர்கள் நம்மிலேயே உண்டு.

இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் உள்ளது நம் இஷ்டம். அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. அறம், பொருள், இன்பம் என்று வரிசை போட்டவர்கள் இன்பத்தை விட்டுவிடவில்லை. வாரமெல்லாம் ஷிப்ட் பார்த்த கைக்கு, நன்றாகச் சுற்றும் ஒரு ரீல் சந்தோஷம் கொடுத்தால் கொடுக்கட்டுமே.

ஆனால் எல்லை தெரிந்தும் கடைக்குள் போனால் மனசு வழுக்கும். கண்ணாடி அலமாரி, பளபளப்பு, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும். அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ள நமக்கு ஒரு மீனவரே இருக்கிறார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியைச் சேர்ந்த அதிபத்தர், அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவர். தினமும் முதலில் கிடைக்கும் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். வலையில் நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் என்ற நிலை வந்தது, அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. ஒருநாள் அந்த ஒரே மீன் பொன்னும் மணியுமாக வந்தது. அதையும் விட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆவணி மாதத்தில் நாகப்பட்டினத்தில் இன்றும் தங்க மீன் விடும் விழா நடக்கிறது.

இதைப் பக்தி என்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. பொன் மீனைப் பார்த்த பிறகு அவர் யோசிக்க உட்காரவில்லை. முதல் மீன் யாருக்கு என்பதை வலை வீசும் முன்பே முடிவு செய்துவிட்டார். மீன் மின்னியதால் அந்த முடிவு மாறவில்லை. நாமோ கடைக்குள் நின்று, சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு முடிவெடுக்கப் பார்க்கிறோம். அப்போது முடிவு எடுப்பது நாம் இல்லை, அந்த மினுமினுப்புதான்.

வாங்கின பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. என் தாத்தா ரப்பர் பால் வெட்டினவர். ஆயுத பூஜை அன்று அவர் பால் வெட்டும் கத்தியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைப்பார். அது விலை உயர்ந்த கத்தி இல்லை. தினமும் தீட்டின கத்தி. கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி, கயிறு ஓடும் உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் தர முடியாதவனுக்கு 150 வெள்ளி ரீலும் விலை அதிகம்தான்.

இதையெல்லாம் அடுத்த சனிக்கிழமை தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, அப்ப வாங்கலாமா, வேணாமா?" என்றான்.

"கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து ஒரு தொகையைத் தாள்ல எழுது. அதை அம்மாகிட்டச் சத்தமாப் படிச்சுக் காட்டு. குரல் இறங்கலன்னா அந்தத் தொகைக்கு வாங்கு. இறங்கிச்சுன்னா, இறங்காத தொகை வர்ற வரைக்கும் அடிச்சு எழுது."

"நீங்க அப்படித்தான் வாங்கினீங்களா அண்ணே?"

அன்று இரவு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அந்த ரீலு முந்நூறு இல்ல. அறுநூத்தி எண்பது."

அம்மா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்பா. டப்பாவுல விலை ஒட்டியிருந்துச்சே. அந்தப் பழைய கண்ணாடியிலயே நல்லாத் தெரிஞ்சுது."