கடை வாசலில் தொடங்கிய பாவம்



கொலை செய்யாதே என்பது 5ஆம் கற்பனை. களவு செய்யாதே என்பது 7ஆம் கற்பனை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது 8ஆம் கற்பனை. சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் இந்த ஒழுங்கிலேயே பாடமாக்கினோம். ஆனால் ஒரு சமுதாயம் இறைவனை மறந்து சீரழியும்போது இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. முதலில் அயலவனைப் பற்றிப் பொய் பேசப்படுகிறது. பின்னர் அவன் பொருள் பறிபோகிறது. கடைசியில் அவன் உயிரும் போகிறது. ஜேர்மனி நாட்டு யூத மக்களுக்கு நேர்ந்தது இதுவே.

2ஆம் உலகப் போர்க் காலத்தில் நாசிகளின் கையில் ஏறக்குறைய 60 இலட்சம் யூதர் மாண்டனர். அவர்கள் மாண்ட விதத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்கள் வாழ்ந்த விதத்தையோ குறைவாகவே அறிந்திருக்கிறோம். ஆகையால் இன்று ஒரு யூத வீட்டின் வாசலைத் தாண்டி உள்ளே சென்று பார்ப்போம்.

பிரெஸ்லாவ் என்பது அக்காலத்தில் ஜேர்மனிக்குச் சொந்தமான நகரம். இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது. அங்கே ஸ்ரைன் குடும்பத்தார் ஒரு மரக்காலை வைத்திருந்தனர். 1893இல் வியாபார அலுவலாக வெளியே சென்ற குடும்பத் தலைவர் திடீரென இறந்துபோனார். மனைவி அவுகுஸ்தாவின் கையில் ஏழு பிள்ளைகளும், கடன்பட்ட ஒரு வியாபாரமுமே எஞ்சின. கடைக்குட்டிக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. மரக்காலையை விற்றுவிடும்படி உறவினர் புத்தி சொன்னார்கள். அந்தத் தாயோ இணங்கவில்லை. மரத்தின் தரம் பார்க்கவும் விலை மதிக்கவும் தாமே கற்றுக்கொண்டார். கடனை அடைத்து, வியாபாரத்தை நிமிர்த்தி, பிள்ளைகளையும் ஆளாக்கினார். பெருவிழாக்களை முறைப்படி அனுசரித்தார். பாவப்பரிகார நாளில் உபவாசம் இருந்தார். தாம் ஈட்டியதெல்லாம் இறைவன் தந்ததே என்பது அவருடைய அசையாத விசுவாசம்.

ஜேர்மனியில் 1933இல் ஏறக்குறைய 5 இலட்சம் யூதர் வாழ்ந்தனர். மொத்தச் சனத்தொகையில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. யூதர் என்றால் வியாபாரிகள் என்று பழித்தவர்கள், அவர்கள் வியாபாரத்துக்கு வந்த காரணத்தைச் சொல்வதில்லை. மத்திய காலத்தில் கிறிஸ்தவ ஐரோப்பாவின் பல பகுதிகளில் அவர்கள் நிலம் வாங்க முடியாது. கைத்தொழிற் சங்கங்களிலும் சேர முடியாது. எஞ்சியது கொடுக்கல் வாங்கலும் பண்டமாற்றுமே. சம உரிமை 1871இல் ஜேர்மனி முழுவதிலும் சட்டமாயிற்று. அதன்பின் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் அறிஞர்களும் அவர்களிடையே பெருகினர். கிராமங்களில் மாட்டு வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரரும் இருந்தனர். லெயோன்ஹார்ட் தீற்ஸ் என்பவர் 1879இல் ஸ்ரால்சுண்ட் என்னும் துறைமுக நகரில் நூலும் பொத்தானும் துணியும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தார். அது பின்னர் பல நகரங்களில் கிளை விட்ட பேரங்காடியாக வளர்ந்தது. முதலாம் உலகப் போரில் ஏறக்குறைய ஓர் இலட்சம் யூதர் ஜேர்மன் படையில் பணிபுரிந்தனர். அவர்களுள் 12,000 பேர் அந்நாட்டுக்காக உயிர் நீத்தனர்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் வேளையில், ஓய்வுநாளைப் பேணிய வீடுகளில் தாய் மெழுகுதிரி ஏற்றுவாள். தந்தை பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். அப்பமும் இரசமும் மேசையில் இருக்க, இறைவனுக்குத் துதி சொல்லப்படும். நமது திருப்பலியில் காணிக்கை வேளையில் குருவானவர் அப்பத்தையும் இரசத்தையும் ஏந்திச் சொல்லும் வாழ்த்து மன்றாட்டு, இந்த யூத மேசைச் செபத்தை ஒட்டியே அமைந்தது. நாசரேத்தூரில் அன்னை மரியாளும் சூசையப்பரும் காத்த ஓய்வுநாளும் இதுவே அல்லவா?

இத்தகைய மக்களின் கடை வாசல்களில் 1933 ஏப்ரல் 1ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, சீருடை அணிந்த நாசிகள் காவல் நின்றனர். யூதரிடம் வாங்காதே என்று கண்ணாடிகளில் எழுதினர். அன்றைய தினம் எவரையும் கொல்வதற்காக அல்ல, வாடிக்கையாளரைத் தடுப்பதற்காகவே அவர்கள் நின்றனர். சிலர் துணிந்து உள்ளே சென்று பொருள் வாங்கினர். பலர் தலையைக் குனிந்துகொண்டு அப்பால் போயினர். தாங்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்றே அவர்கள் எண்ணியிருப்பர்.

அந்தக் குனிந்த தலைகளே அடுத்த படிக்குத் துணிவு கொடுத்தன. தீற்ஸ் குடும்பம் அவ்வாண்டிலேயே தன் நிறுவனத்தை இழந்தது, பெயர்ப்பலகையும் மாற்றப்பட்டது. 1935இல் நூரம்பேர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1938 நவெம்பர் 9ஆம் திகதி இரவிலும் மறுநாளிலும் ஏறக்குறைய 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன; செபக்கூடங்கள் எரிந்தன; 30,000 ஆண்கள் சிறைப்பட்டனர். நூறு கோடி மார்க் தண்டத்தையும் யூதரே கட்ட வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. பின்னர் அவர்கள் நாடு கடத்தப்பட்டபோது, வீட்டுத் தளபாடங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. அயலவர் வந்து மலிவு விலைக்கு வாங்கிச் சென்றனர். ஓய்வுநாள் விருந்துண்ட மேசைகளில் வேறு குடும்பங்கள் உட்கார்ந்து உண்டன.

அவுகுஸ்தா அம்மையாரின் கடைக்குட்டி வேறு யாருமல்ல. நாம் புனிதையாக வணங்கும் எடித் ஸ்ரைனே. 1922இல் ஞானஸ்நானம் பெற்ற அவர் 1933இல், யூதர் என்பதால் கற்பிக்கும் பதவியை இழந்தார். கடைப் பகிஷ்கரிப்பு மக்களின் பிழைப்பையும் மானத்தையும் பறிக்கிறது என்றும், திருச்சபை மௌனமாயிருத்தல் ஆகாது என்றும் அவ்வாண்டு ஏப்ரலில் பாப்பரசர் 11ஆம் பத்திநாதருக்குக் கடிதம் எழுதினார். தாயின் அருகில் இருந்து, தம் யூதக் குடும்பத்தின் வாழ்க்கையை நூலாகவும் எழுதத் தொடங்கினார். யூதரை நேரில் அறியாமலே வெறுக்கப் பழகும் இளைஞருக்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்பதே அவர் நோக்கம். 8ஆம் கற்பனையை அவர் அனுசரித்த விதம் அது. அவ்வாண்டு ஒக்டோபரில், தாய் கண்ணீர் விட, கார்மேல் மடம் புகுந்தார். 1942 ஓகஸ்ட் 9ஆம் திகதி அவுஸ்விச்சில் தம் சகோதரி ரோசாவுடன் உயிர் நீத்தார். பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1998இல் அவரைப் புனிதையாக உயர்த்தினார்.

பேர்லின் மறைமாவட்டப் பேராலயக் குருவான லிக்ரன்பேர்க் அடிகளார், 1938 நவெம்பர் முதல் யூதருக்காகப் பகிரங்கமாகச் செபித்தார். 1941இல் சிறைப்பட்டு, 1943இல் டாக்காவ் முகாமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் இறந்தார். இப்படிப்பட்டவர்கள் சிலரே. ஞாயிறுதோறும் கோவில்கள் நிறைந்திருந்த ஒரு நாட்டிலே அவர்கள் சிலராயிருந்ததுதான் நம் இருதயத்தைக் குத்த வேண்டிய முள்.

புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதுகையில் நம்மை ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட கிளைகள் என்கிறார். கிளை வேரைத் தாங்குவதில்லை. வேரே கிளையைத் தாங்குகிறது. 2ஆம் வத்திக்கான் சங்கமும் 1965இல் இதையே நினைவூட்டி, யூதருக்கு எதிரான எல்லாப் பகையையும் கண்டித்தது.

அன்புள்ள பெற்றோரே, சாப்பாட்டு மேசையில் நாம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “அந்தச் சாதிசனம் எல்லாம் அப்படித்தான்” என்று வேற்று இனத்தாரையோ சமயத்தாரையோ ஒரே சொல்லில் அடக்கிவிடும் வேளையில், நாம் 8ஆம் கற்பனையை மீறிவிட்டோம். துரத்தப்பட்டவனின் காணியோ கடையோ மலிவாகக் கிடைக்கிறதென்று கை நீட்டும் வேளையில், 7ஆம் கற்பனையை மீறிவிட்டோம். 5ஆம் கற்பனையை மீற வேறு யாராவது வருவார்கள். நாம் அவனுக்கு வழி திறந்து வைத்திருப்போம். ஆகவே அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, கொலை செய்யவில்லை என்று அமைதி கொள்ளாமல், எந்த அயலவனின் வாசலைத் தலை குனிந்து கடந்தோம் என்றும் நம் மனச்சாட்சியைக் கேட்போமாக.