கேள்வியை யார் எழுதுவது?



ஒருவருடைய வாழ்வை ஆராய வருகிறவர், எதை ஆராய வேண்டும் என்று அவரையே கேட்கக் கடமைப்பட்டவரா? இது அறிஞர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. வலது குறைந்த பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது.

2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். இத்தகைய அழிவுக்குப் பின் மண்ணையும் மழையையும் ஆராய்வது அவசியமே. ஆனால், அபாய அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தால் காது கேளாத வாலிபன் அதை அறிவது எப்படி? லயத்திலிருந்து படியிறங்கித்தான் பாதையை அடையலாம் என்றால், நடக்க இயலாத பெண் தப்புவது எப்படி? மலைச்சரிவை அளக்கும் கருவிக்கு இக்கேள்விகள் தோன்றா. அந்த இருவருக்கும் மழை பெய்யும் இரவுதோறும் தோன்றும்.

“இளையவர்களுக்கு ஆராய்ச்சி பற்றி என்ன தெரியும்?” என்பீர்கள். கணக்கிடும் முறை ஆய்வாளருக்குத் தெரியும். எதைக் கணக்கிடத் தவறினோம் என்பது அதை அனுபவிப்பவருக்கே தெரியும். ஒன்றில்லாமல் மற்றது குறையுடையது.

இங்கிலாந்தில் லீ கோர்ட் என்னும் இல்லத்தில் வாழ்ந்த ஊனமுற்றோர், தங்கள் வாழ்வைத் தாங்களே நடத்தும் உரிமை வேண்டி, 1960களில் ஆய்வாளர்களை அழைத்தனர். 1972இல் வெளிவந்த ஆய்வு நூலோ, அத்தகைய இல்லங்களில் வாழ்வோரைச் சமூகத்தைப் பொறுத்தவரை இறந்தவர்களாகவே கருதியது. நடுநிலை என்ற பெயரில் தங்களைக் கைவிட்டனர் என்று அங்கு வாழ்ந்த போல் ஹன்ட் கண்டித்து எழுதினார். ஆய்வை வேண்டியவர்கள் அவர்கள்; அதன் முடிவோ அவர்கள் கையில் இருக்கவில்லை.

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதேனும் ஒரு சிரமம் உண்டு. ஏறத்தாழ 16 இலட்சம் பேர்! அவர்களைப் பாதிக்கும் தீர்மானங்களில், சிறுவர் உட்பட, அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சமவாயம். சாமசர மலை சரிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் இலங்கை அதை ஏற்றுறுதி செய்திருந்தது.

கலந்தாலோசிப்பது என்றால் கூட்டத்துக்கு அழைத்துக் கையொப்பம் வாங்குவதன்று. வினாக்கொத்து அச்சாகுமுன் அழைக்க வேண்டும். பயணச் செலவும், தேவையானோருக்குச் சைகை மொழி பெயர்ப்பாளரும் வேண்டும். முடிவுகளை அவர்களுக்கு விளங்கும் மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும். “வரமாட்டேன்” என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

பெற்றோரே, உங்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. கணக்கெடுக்க வருகிறவர் மகளை விட்டு உங்களைப் பார்த்தே கேட்பார். அவளுக்குச் சிரமம் கொடுக்கலாகாது என்ற அன்பினால் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். அவளுடைய பதில் உங்களுடையதினின்றும் வேறாக இருக்கலாம். மெதுவாகச் சொன்னாலும், சைகையால் சொன்னாலும், முதலில் அவளே சொல்லட்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.