தோற்ற வாக்கு வீணான வாக்கா?



தேர்தல் முடிவு வெளியாகும் இரவில் ஒரு வீட்டில் ஆட்டமும் பாட்டுமாக இருக்கும். அடுத்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்து விடுவார்கள். மறுநாள் பத்திரிகைகள் வென்ற தலைவரைப் பற்றி எழுதும். தோற்ற தலைவரைப் பற்றியும் எழுதும். வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, தோற்றவருக்கு வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய சாதாரணப் பிரஜையைப் பற்றி எழுதுவோர் குறைவு. அவன் வாக்கு என்னவாயிற்று? தான் விரும்பாத ஒருவரைத் தன் ஆட்சியாளர் என்று ஏற்கும் கடமை அவனுக்கு உண்டா? உண்டென்றால் அது எதனால் வந்த கடமை?

இக்கேள்வியை ஆப்பிரிக்கக் கண்டத்தை முன்வைத்துச் சிந்திப்பது நலம். ஏனெனில் இதற்குச் சொல்லக்கூடிய விடைகள் பலவற்றையும் அங்குள்ள மக்கள் அனுபவித்தே பார்த்திருக்கிறார்கள்.

போட்ஸ்வானாவில் 1966ல் சுதந்திரம் பெற்றது முதல் 58 ஆண்டுகள் ஒரே கட்சி ஆண்டது. 2024 அக்டோபர் 30ல் நடந்த தேர்தலில் அக்கட்சிக்கு 61 தொகுதிகளில் நான்கே கிடைத்தன. ஜனாதிபதி மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டு விலகினார். அதே ஆண்டு டிசம்பர் 7ல் கானாவில் தேர்தல் நடந்தது. ஆளுங்கட்சி அபேட்சகர் பாவுமியா, முடிவு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும் முன்னரே, எதிர்த்து நின்ற மகாமாவுக்கு வாழ்த்துக் கூறினார். தோற்ற கட்சிகளை நம்பியிருந்தோர் மனம் வருந்தியிருப்பார்கள். ஆயினும் ஆட்சி கைமாறியது.

கென்யாவில் 2007 டிசம்பரில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. எண்ணிக்கையில் மக்களுக்கு நம்பிக்கை அற்றுப் போயிற்று. தொடர்ந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமார் ஆறு லட்சம் பேர் வீடுவாசலை விட்டு ஓடினர். கிசுமு நகரில் கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அந்தக் கடைக்காரர்களா வாக்குகளை எண்ணினார்கள்? இல்லை. கோபம் யார்மீது பிறந்ததோ அவர்களைப் போய்ச் சேரவில்லை. கைக்கு எட்டியவன் தலையில் விழுந்தது.

ஆகவே தோற்றவன் வாயைத் திறக்காமல் இருந்துவிட வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் நியாயமாகாது. மலாவி நாட்டின் கதையைக் கேளுங்கள். 2019 மே மாதத் தேர்தலில் ஜனாதிபதி முத்தாரிக்கா வென்றதாக அறிவித்தார்கள். சக்வேராவுக்கும் அவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் ஒன்றரை லட்சம் வாக்குகள். ஆனால் வாக்குச் சாவடிகளிலிருந்து வந்த எண்ணிக்கைத் தாள்களில் வெள்ளை மை பூசி இலக்கங்கள் திருத்தப்பட்டிருந்தன. மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இறங்கி முறையிட்டார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் சென்றது. ஐந்து நீதிபதிகள், குண்டு துளைக்காத அங்கியணிந்து நீதிமன்றம் வந்து, 2020 பிப்ரவரி 3ல் அத்தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். ஜூன் மாதம் மறுதேர்தல் நடந்தது, சக்வேரா வென்றார்.

வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். பேரேட்டில் ஒரு தொகை பிழையாக விழுந்தால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடுகிறோம். சுரண்டி அழித்து மேலே எழுதினால், அந்த ஒரு வரி மட்டுமல்ல, புத்தகம் முழுவதுமே சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். அப்படிப்பட்ட கணக்கை ஏற்க மறுப்பவனைச் சண்டைக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். தோற்றவன் முடிவை ஏற்க வேண்டியது எதனால்? பெரும்பான்மையோர் எப்போதும் சரியாகவே எண்ணுவார்கள் என்பதாலா? அல்ல. நூறு பேர் சேர்ந்தும் தவறலாம். நிறுப்பதற்கு முன் அவனும் அந்தத் தராசை ஒப்புக்கொண்டான் என்பதே காரணம். தன் பக்கம் தட்டு தாழ்ந்திருந்தால் மற்றவன் அடங்க வேண்டும் என்று அவனே கேட்டிருப்பான். பிறரிடம் கேட்கும் நியாயத்தைத் தானும் கொடுக்க வேண்டும் அல்லவா? ஆனால் அவன் ஒப்புக்கொண்டது நேர்மையான தராசை. படிக்கல்லில் குறை இருப்பது நிரூபணமானால் அவன் கொடுத்த ஒப்புதல் அவனைக் கட்டாது. அப்பொழுதும் அவன் போகவேண்டிய இடம் நீதிமன்றமே தவிர, பக்கத்துக் கடைக்காரன் வீட்டு வாசல் அன்று.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. தோல்வியைப் பொறுத்துக்கொள்ள முடிவது, அதற்குத் தவணை இருப்பதால்தான். மலாவியில் 2025 செப்டம்பரில் மீண்டும் தேர்தல் வந்தது. முன்பு தோற்ற முத்தாரிக்கா, 85 வயதில், வென்றார். ஆட்சியிலிருந்த சக்வேரா முடிவு அறிவிக்கப்படும் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். 2020ல் விளக்கை அணைத்துப் படுத்தவர்களின் வாக்கு வீணாகவில்லை. ஐந்தாண்டுகள் வரவில் நின்றது என்றே சொல்ல வேண்டும். அடுத்த தேர்தலின் கதவை அடைப்பவன், தோற்றவனின் பொறுமைக்கு இருந்த காரணத்தையே பறித்து விடுகிறான்.

மனம் கசந்தவர்களுக்கு வேறொரு ஆசையும் தோன்றும். அஃப்ரோபாரோமீட்டர் என்னும் ஆய்வு நிறுவனம் 39 ஆப்பிரிக்க நாடுகளில் விசாரித்தபோது, மூவரில் இருவர் ஜனநாயகமே மேல் என்றனர். அதே விசாரணையில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் ராணுவம் வருவதை ஏற்போம் என்றவர்கள் பாதிக்கும் மேல். அவர்களுடைய வேதனையை நாம் இகழக்கூடாது. ஆனால் மாலி நாட்டைப் பாருங்கள். 2020ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தலைநகரில் ஆரவாரித்தவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் தேர்தல் என்று சொல்லப்பட்டது, நடக்கவில்லை. 2025ல் ராணுவத் தலைவருக்குத் தேர்தல் இல்லாமலே ஐந்தாண்டுப் பதவிக்காலம் கொடுக்கப்பட்டது. தவணையில்லாமல் கொடுத்த கடனை எந்தத் தேதியில் போய்க் கேட்பது?

இதுவரை தோற்றவனின் கடமையைச் சொன்னோம். வென்றவனுக்கு அதைவிடப் பெரிய கடமை உண்டு. ஆட்சி அவனுக்குக் கிடைத்த லாபமன்று, அமானிதம். தனக்கு வாக்களிக்காதவனின் பொருளும் அதில் சேர்ந்தே இருக்கிறது. சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வென்ற ஊருக்கு ஒரு அளவு, தோற்ற ஊருக்கு ஒரு அளவு என்று ஆகிவிட்டால், அடுத்த தேர்தல் உயிர்ப் போராட்டமாகி விடும். அங்கே தோற்பதற்கு எவன்தான் துணிவான்?

இந்தக் கடமை தலைவர்களோடு நின்றுவிடுவதில்லை. வென்ற கட்சிக்கு வாக்களித்த நமக்கும் உண்டு. தோற்றவர்கள் வழியில் வரும்போது ஏளனப் பேச்சு வேண்டாம். கடைக்கு வந்தால் குத்தல் வார்த்தை வேண்டாம். தேர்தலுக்கு மறுநாள் காலையில் முதலில் சலாம் சொல்ல வேண்டியவர் வென்றவரே.