உடற்பருமன் எவர் குற்றம்?

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதரைத் தரிசிக்கக் குன்றேறிய ஒருநாள், படிகளின் நடுவே மூச்சு வாங்க அமர்ந்துவிட்ட அம்மையார் ஒருவரைக் கண்டேன். நடுத்தர வயது, பருத்த உடல். பின்னால் வந்தவர்களுள் ஒருவர், "வாயைக் கட்டத் தெரியாதவர்கள் மலையேற ஆசைப்படலாமா?" என்று அருகிலிருந்தவரிடம் கூறியது அவ்வம்மையார் செவியிலும் விழுந்தது. அவர் எழுந்தார், மேலே செல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். புலனடக்கத்தைப் போற்றும் நம்மவரிடையே இத்தகைய சொல் எளிதில் பிறக்கிறது. அச்சொல் நேர்மையானதுதானா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உண்டி சுருக்குதலை அறநூல்கள் தவமாகவே வகுத்துள்ளன. புறத்தவங்கள் ஆறனுள், உண்ணாதிருத்தலாகிய அனசனம் முதலாவது. வயிறு நிரம்புமுன் நிறுத்திக்கொள்ளும் அவமோதரியம் இரண்டாவது. ஆகவே பருத்த உடலைக் கண்டவுடன் அடக்கமின்மையே காரணம் என முடிவு செய்யத் தோன்றுகிறது. ஆனால் அடக்கத்தைப் போற்றுவது வேறு. பிறர் உடலின் அளவைக் கொண்டு அவரது அடக்கத்தை அளப்பது வேறு.

தேசியக் குடும்பநல ஆய்வு கூறும் கணக்கு ஒன்றைக் காண்போம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடை உடையோர் 2015-16இல் நூற்றுக்கு 31 பேர். 2019-21இல் 40 பேர். ஆடவரிலும் 28 பேர் 37 பேராயினர். நான்கைந்து ஆண்டுகளில் இத்தனை பேருக்கு மனவுறுதி குன்றிவிட்டது என்று சொல்ல இயலுமா? மாறியது மனம் அன்று, வாழும் சூழல்.

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலேயே இம்மாற்றத்தைக் காணலாம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றை விளைவித்து, உரலில் குற்றி, உண்டு வந்தவர்கள். ஒற்றையடிப் பாதையில் நடந்தே பொருள்களைச் சுமந்தார்கள். பின்னர்ப் பல நிலங்கள் மரவள்ளிக்கு மாறின, நியாயவிலைக் கடை அரிசி உலைக்கு வந்தது, சாலையும் வந்தது. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலை உள்ளது. ஒருகாலத்தில் விருந்துக்கு மட்டும் வந்த இனிப்பு இன்று ஒவ்வொரு வேளைத் தேநீரிலும் கரைகிறது. அரிசியும் சாலையும் பசியையும் துன்பத்தையும் போக்கின. அவற்றைப் பழித்தல் தகாது. ஆயினும் உழைப்பு குறைந்தபின் உணவின் அளவு குறையவில்லை. உழுதுண்டு வாழ்ந்த நம் முன்னோரின் மெலிந்த உடலும் முழுவதும் தவத்தால் வந்ததன்று. ஏரும் உலக்கையும் அதில் பாதி வேலையைச் செய்தன.

உடலின் உள்ளேயும் காரணங்கள் உள. பருக்கும் இயல்பு பெருமளவு மரபுவழி வருவது. தைராய்டுக் குறைபாடு, உறக்கக் குறைவு, சில மருந்துகள் ஆகியனவும் எடையைக் கூட்டும். கொழுப்புத் திசுவினின்று சுரந்து, சேமிப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் பொருள் 1994இல் கண்டறியப்பட்டது. எடை குறையும்போது இச்சுரப்பும் குறைகிறது. மூளை அதனைப் பஞ்சமென்று கொண்டு பசியைப் பெருக்குகிறது. வருந்தி இளைத்தவர் மீண்டும் பருப்பது பெரும்பாலும் இதனாலேயன்றி, அவர்தம் இழிவினால் அன்று.

எனின், எவருக்கும் பொறுப்பில்லையா? உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியிலும் வினை வந்து சேரும் என்பது நாம் இளமை முதல் கேட்ட பாடம். கொல்லாமைக்குக் கூறும் இவ்விதியை உணவுக்கும் கொண்டு பார்ப்போம். மிகுதியாக உண்பவர் ஒருவர். "இன்னும் ஒன்று" என்று இலையில் வைத்து, மறுத்தால் வருந்துபவர் மற்றொருவர். திருமணத்தில் இனிப்பு வகைகளை எண்ணிப் புகழ்பவர் மூன்றாமவர். விரத நாளில் பட்டினி கிடந்து, பாரணையன்று நெய்யும் சர்க்கரையுமாகப் படைக்கிறோம். இரவுணவைத் துறந்தோம் என்று கூறிக்கொண்டு, பொழுது சாயுமுன் அவசரமாக எண்ணெய்ப் பலகாரத்தால் வயிற்றை நிரப்புகிறோம். மூவர் செய்ததன் பயன் ஒருவர் உடலில் தெரிகிறது. பழியையும் அவரே சுமக்கிறார்.

மருத்துவம் இந்நிலையை நாட்பட்ட நோயாகவே கருதுகிறது. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 23ஐ எட்டினால் மிகை எடை, 25ஐ எட்டினால் பருமன் என்பது இந்தியர்க்கு வகுத்த அளவு. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நன்று. 80 கிலோ எடையுள்ளவர் 4 முதல் 8 கிலோ வரை குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தணியத் தொடங்கும். உணவுமுறை, நடை, உறக்கம் ஆகியன முதற்படி. தேவைப்படுவோர்க்கு அறுவை மருத்துவமும், 2025இல் இந்தியாவில் எடைக் குறைப்புக்கென விற்பனைக்கு வந்த செமாக்ளுடைடு போன்ற ஊசி மருந்துகளும் உள்ளன. அவற்றை நாடுவோரைக் குறைத்துப் பேச வேண்டா. இன்சுலின் போன்ற சர்க்கரை மருந்து கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி நோன்பு ஏற்றல் ஆபத்து. இளைப்பதற்காக ஏற்கும் பட்டினி தவமும் ஆகாது.

நம் கையில் உள்ளவை சில. விருந்தில் ஒருவர் போதுமென்றால் அச்சொல்லை மதிப்போம். இனிப்பின் வகையைக் குறைப்போம். சாமையும் தினையும் நம் அடுக்களைக்குத் திரும்பட்டும். அடக்கம் என்னும் அளவுகோலைத் தன்னை அளக்க மட்டும் கைக்கொள்வோம்.

அன்று படியில் அச்சொல்லைக் கேட்டபோது நான் வாளாவிருந்தேன். மறுத்து ஒரு சொல் கூறவில்லை. உடன்படுதலும் வினையே எனில், அவ்வம்மையார் தரிசனமின்றித் திரும்பியதில் எனக்கும் பங்குண்டு. இம்சை உடலைத் தாக்குவதோடு முடிவதில்லை. சொல்லாலும் நிகழும், சொல்லாது விடுவதாலும் நிகழும். படியில் ஒருவர் மூச்சு வாங்க அமர்ந்தால், அவர் எழும்வரை உடன் அமர்ந்து, பின் சேர்ந்து ஏறுவோமாக.