ஓதலும் உள்ளம் அடங்கலும்



உள்ளம் ஓரிடத்து நில்லாது ஓடுகின்றது என்னும் முறையீடு இந்நாளில் மடாலயத்தும் இல்லத்தும் ஒருங்கே கேட்கப்படுகின்றது. அதற்கு மருந்து நூலோதுதல் என்பர் பலர். அஃது உண்மையே. ஆயினும், எவ்வாறு ஓதுதல் என்பதன்கண்ணே எல்லாம் அடங்கியுள்ளது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. படிகம் தன்னையடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிரும் தான் பற்றியதன் தன்மையைக் காட்டும். அங்ஙனமாயின், ஒரு நாழிகையில் நூறு செய்தியைக் கைபேசியிற் புரட்டுவோன் உள்ளம் நூறு நிறம் பட்டுக் கலங்குதலில் வியப்பென்னை? கைபேசியை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. வாதில் வெல்லும்பொருட்டு மேற்கோள் தேடி ஏடு புரட்டும் புலவனும் அக்கலக்கத்துக்கு உரியனே. என்னை? அவன் கண் நூலின்கண் இருப்பினும் கருத்து எதிரியின்மேல் நிற்றலின் என்க. இத்தகையார் நம்மவருள்ளும் பலர்.

பண்டை ஓலையேட்டின் இயல்பை ஈண்டு நினைதல் தகும். அதன்கண் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நிற்கும், சொற்களுக்கிடையே வெளியுமில்லை. ஆகவே, இவ்வெழுத்து மெய்யோ உயிர்மெய்யோ, இச்சொல் யாண்டு முடிந்தது என்று பொருள் நோக்கித் துணிந்தாலன்றி ஓரடியும் மேற்செல்லல் இயலாது. ஏடு தானே ஓதுவானை நிறுத்திற்று. ஆறுமுகநாவலர் (1822–1879) போன்ற பெரியோர் சுவடிகளை ஆராய்ந்து அச்சேற்றிய பேருதவியால் அவ்விடர் நீங்கிற்று. நூல் வறியார் கையிலும் எய்திற்று. இடரோடு அந்நிறுத்தமும் போயிற்றாதலின், அதனை இனி நாமே வருவித்துக்கொள்ளல் வேண்டும்.

அதற்குப் பெருநூல் வேண்டா. சிவஞானபோதச் சூத்திரங்கள் 12; அடிகள் 40. விடியலில் ஒரு சூத்திரத்தை வாய்விட்டு ஓதுக. ஒவ்வொரு சொல்லும் எதனோடு முடிந்தது என்று வினாவுக. ஒரு சொல் விளங்காதாயின் அதுவும் நன்றே. அச்சொல்லையே உடன்கொண்டு தொழிலுக்குச் செல்க. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள் சிந்தித்தற்கு உரிய இடம் பூசையறை மட்டுமன்று. படியளக்கும் கடையும், நீர்பாய்ச்சும் வயலும் அதற்கு இடமே.

அங்ஙனஞ் செய்யின் தொழிலிற் கருத்துச் சிதறாதோவெனின், சிதறாது. ஓடித்திரியும் நினைவு பற்றுக்கோடொன்று பெற்றபின், கை செய்யும் வினையைக் கண் முன்னினும் நன்கு காணும். வணிகனுக்கு அளவு தவறுவது வெகுளியும் அவாவும் உடன்வருங்கால்.

மறுநாள் அடுத்த சூத்திரத்துக்கு விரைதல் வேண்டா. முதற் சூத்திரத்திலேயே ஒரு திங்கள் கழியினும் கழிக.